காது கேட்கிறவள்

அந்த நோய்க்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் ஒருவருக்குத் தும்மல்கூட வரவில்லை. இதைச் சொன்னால் எங்கள் தெருவில் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். அங்கே எனக்குச் ‘சுகாதார மந்திரி’ என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான், ஆனாலும் சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வருவார்கள்.

போன மாதம் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். கட்டுப்பாடுகளை நாங்கள் கடைப்பிடித்ததற்கு முக்கியக் காரணம் என்ன என்று, போனைப் பார்த்தபடி வாசலில் நின்றே கேட்டாள். நோய் பயமா, அபராதத்துக்குப் பயமா, குடும்பத்தார் மேல் அக்கறையா, அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்களோ என்பதா? “குடும்பத்து மேல அக்கறைதாம்மா” என்றேன். அவள் போனில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, நன்றி சொல்லிப் போய்விட்டாள். நான் பொய் சொல்லவில்லை. பதில் கொஞ்சம் சுருக்கமாகிவிட்டது, அவ்வளவுதான். மீதியை இங்கே சொல்கிறேன்.

நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் நின்று பார்ப்பவளுக்கு மனிதர்களின் லட்சணம் சீக்கிரம் தெரிந்துவிடும். மாஸ்க்கைத் தாடையில் தொங்கவிட்டுக்கொண்டு வருவார்கள். மேலே ஏற்றுங்கள் என்றால் மூச்சு முட்டுகிறது என்பார்கள். பின்னால் போலீஸ் ஜீப் சத்தம் கேட்டால் அதே ஆள் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொள்வார், அப்போது மூச்சு முட்டாது. ஒரு வங்கி மேனேஜர் அரை மணி நேரம் ஒழுங்காக மாஸ்க் போட்டு நின்றார். தும்மல் வந்ததும் அவசரமாக அதைக் கழற்றினார், வாய் நிறையத் தும்மினார், மறுபடி மாட்டிக்கொண்டார். “புது மாஸ்க்கும்மா, நனைஞ்சிடும்ல” என்றார்.

வரிசையில் நிற்பதற்குத் தரையில் வட்டம் போட்டிருந்தோம். முன்னால் நிற்பவர் வட்டத்துக்குள் நின்றால் பின்னால் வருகிறவரும் நின்றார். ஒருவர் தாண்டினால் வரிசையே கலைந்து போயிற்று. நோய்க்குப் பயந்து விதியைப் பிடித்துக்கொண்டவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. பக்கத்து ஆளைப் பார்த்துச் செய்தார்கள், இல்லையென்றால் யாராவது கண்டிப்பாகச் சொன்னதற்காகச் செய்தார்கள். குரலை உயர்த்தாமல், ஒரே சீராக, “சார், பின்னாடி போங்க” என்று நான் சொன்னால் எப்பேர்ப்பட்டவரும் பின்னால் போனார். எனக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வீட்டில் நானும் அக்காவும் மட்டும்தான். அக்காவுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. அம்மா அப்பா இருந்தவரையில் செவிடன் காதில் ஊதிய சங்கு என்ற பழமொழியை எங்கள் வீட்டில் யாரும் வாய் தவறிக்கூடச் சொன்னதில்லை. அக்கா உதட்டைப் பார்த்தே எல்லாவற்றையும் பிடித்துக்கொள்வாள். தெருக்கோடியில் இரண்டு பேர் சண்டை போட்டால் ஜன்னலில் நின்றபடியே யார் யாரை என்ன திட்டினார்கள் என்று எனக்குச் சொல்லுவாள். நல்ல தையல்காரி. பின்னறையில் சுவரை ஒட்டி மிஷினைப் போட்டுக்கொண்டு நாளெல்லாம் தைப்பாள். வாசல் மணியை அழுத்தினால் அந்த மிஷினுக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு எரியும், அப்பா செய்துவைத்த ஏற்பாடு. மற்றபடி போன் பேசுவது, காய்காரனோடு பேரம் பேசுவது, குழாயில் தண்ணீர் வரும் சத்தம், இதெல்லாம் என் பொறுப்பு. அவளுக்குக் காது நான்தான். யாரும் என்னைக் கேட்டுக் கொடுத்த வேலை இல்லை. எனக்குக் கல்யாணம் ஏன் ஆகவில்லை என்பதும் இதற்குள்ளேயே இருக்கிறது, அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மாடியை வாடகைக்கு விட்டிருந்தோம். அங்கே குடியிருந்தவர் வானொலியில் செய்தி வாசித்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். தெருவில் அவரை ரேடியோக்காரர் என்பார்கள். அவர் குரல் எனக்குப் பல வருடப் பழக்கம். மருந்துக்கடையில் மதியம் கூட்டம் குறைந்ததும் ரேடியோவைத் திருப்புவேன், அவர் செய்தி வாசிப்பார். வெள்ளம் என்றாலும் விலைவாசி என்றாலும் அந்தக் குரல் பதறாது. வாடகைக்கு இடம் தேடி வந்த அன்று, “வீடு காலியா இருக்குன்னு சொன்னாங்க” என்று அவர் கதவுக்கு வெளியே நின்று சொன்னதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. குடும்பமாக வருகிறவர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று அக்கா தயங்கினாள். நான்தான் அவளைச் சம்மதிக்க வைத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அதுதான்.

ஊரெல்லாம் அவர் குரலுக்கு மயங்கியது. அந்தக் குரலை ஒரு நாளும் கேட்டிராத அக்காவைத்தான் அவருக்குப் பிடித்துப்போயிற்று. செய்தி வாசித்த வாய் அல்லவா, ஒவ்வொரு எழுத்தையும் முழுசாக உச்சரிப்பார். “இவர் வாய் அச்சடிச்ச மாதிரி இருக்கு” என்று அக்கா சொன்னாள். சட்டைக்குப் பட்டன் வைக்க வருவார். ஒரு பட்டனுக்காக ஒரு மணி நேரம் நிற்பார். எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அக்காவுக்கும் பேச ஆள் வேண்டும்தானே.

பிறகு நோய் வந்தது, எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு அது மாஸ்க், அக்காவுக்கோ உலகமே ஊமையாகிப்போன மாதிரி. கடைக்காரன், பால்காரன், எதிர்வீட்டுக்காரி, யார் பேசுவதும் அவளுக்குத் தெரியவில்லை. நான் நாளெல்லாம் நோயாளிகள் நடுவில் நிற்கிறவள். அதனால் வீட்டுக்குள்ளும் மாஸ்க்கைக் கழற்றுவதில்லை என்று முடிவு செய்தேன். சொல்ல வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். எழுதுவதென்றால் சுருக்கமாகத்தானே எழுத முடியும். “சாப்பிடு”, “வெளியே போகாதே”, “அப்புறம் சொல்கிறேன்”. அக்கா கொஞ்ச நாள் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் புத்தகத்துக்கு அட்டை போடுகிற கண்ணாடிப் பேப்பரை வெட்டி, வாய் தெரிகிற மாதிரி நடுவில் ஜன்னல் வைத்து மாஸ்க் தைத்தாள். எனக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று.

நான் போட்டுக்கொள்ளவில்லை. தையல் ஓட்டை வழியாகக் காற்று போகும், மூச்சில் ஆவி படியும், எந்த டாக்டரும் அதை ஒத்துக்கொள்ள மாட்டார். சிலேட்டில் இதையெல்லாம் விளக்க இடம் இல்லாததால் “சரி வராது” என்று எழுதினேன். அவர் போட்டுக்கொண்டார்.

பல்பைக் கழற்றியது அந்தச் சமயத்தில்தான். மணி அடித்து விளக்கு எரிந்தால் அக்கா யார் எவர் என்று பார்க்காமல் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிடுவாள். நோய்க்காலத்தில் அது ஆபத்து. யாராவது வந்தால் எனக்குத்தான் கேட்குமே. நான் கடைக்குப் போகிற நேரத்தில் யாரும் வராமல் இருப்பதே நல்லது.

அவரும் விதியை மீறாத மனிதர், அதைச் சொல்லியாக வேண்டும். கீழே வருவதை நிறுத்திக்கொண்டார். அதற்குப் பதிலாகச் சாயங்காலம் பின்பக்கத்துப் பால்கனியில் வந்து நிற்பார், அக்கா துணி காயப்போடும் முற்றத்தில் நிற்பாள். நடுவில் ஒரு மாடி உயரம், திறந்த வெளி. அத்தனை தூரத்தில் மாஸ்க் தேவையில்லை என்று அரசாங்கமே சொன்னது, அதனால் கழற்றிவிட்டுத்தான் பேசுவார். ஒரு நாள் கடையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன், சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் வாய் அசைந்துகொண்டே இருந்தது. சத்தம் வரவில்லை. அக்காவும் வாயை மட்டும் அசைத்துப் பதில் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அக்காவுக்குக் குரல் தேவையில்லை என்பதால் அவர் குரலையே விட்டுவிட்டார்.

ஜன்னலைத் திறந்து காதைக் கொடுத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் சத்தம்தான் கேட்டது. அந்த வீட்டில் காது கேட்கிறவள் நான் ஒருத்தி, எனக்குத்தான் ஒன்றும் கேட்கவில்லை. கோபம் வரவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

அன்றைக்கு அக்கா உள்ளே வந்து சொன்னாள். அவள் பேசினால் ஏற்ற இறக்கம் இருக்காது, சந்தோஷமும் துக்கமும் ஒரே மாதிரிதான் வெளியே வரும். “ஏய் சின்னவளே, இந்தச் சனியன் பிடிச்ச காலம் முடியட்டும், நான் மாடிக்குப் போயிடறேன். அவர் கேட்டார். நான் சரின்னுட்டேன்.” என் மாஸ்க்கைக் காட்டி, “நீ என்ன சொல்றே? அதைக் கழட்டிட்டுச் சொல்லு” என்றாள். நான் சிலேட்டில் “சந்தோஷம்” என்று எழுதினேன்.

மறுநாள் படிக்கட்டில் பார்த்தபோது அவர் என்னைத் தங்கச்சி என்றார். அதுவரை மேடம் என்றுதான் கூப்பிடுவார். “தங்கச்சி, உங்களுக்கு ஒண்ணும் மனசுல இல்லையே?” என்று கேட்டார். அந்தக் குரலில் என்னைக் கூப்பிட ஒரு சொல் வரும் என்று நான் மதியங்களில் நினைத்ததுண்டு. இந்தச் சொல்லை நினைத்ததில்லை. “சார், கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க” என்றேன். அவர் உடனே தள்ளி நின்றார்.

அதற்குப் பிறகு கொஞ்சம் கூடுதலாகக் கவனம் எடுத்துக்கொண்டேன். காயும் துணியை உதறினால் கிருமி பறக்கும் என்று முற்றத்துக் கதவைப் பூட்டினேன். அக்கா அவருக்கு மெசேஜ் அனுப்புகிற போனில்தான் கைபடும் அழுக்கெல்லாம் இருக்கும், அதை ஸ்பிரிட் ஊற்றித் துடைத்தேன். கொஞ்சம் அதிகமாக ஊற்றிவிட்டேன் போலிருக்கிறது, செத்துப்போயிற்று. ரிப்பேர் கடைகள் மூடிக்கிடந்த நேரம். மாடியில் அவரிடம், அக்காவுக்குப் பயம், கொஞ்ச நாள் பொறுக்கச் சொன்னாள் என்றேன். அக்காவிடம், அவர் யாரையும் பார்க்க வேண்டாம் என்று இருக்கிறார் என்று எழுதினேன். இரண்டு பேரும் நம்பினார்கள். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தானே இருந்தார்கள். பொறாமை என்று நீங்கள் நினைக்கலாம். பொறாமைப்படுகிறவளுக்குத் தூக்கம் வராது, எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

அவருக்கு எப்படித் தொற்றியது என்று தெரியவில்லை. என்னிடமிருந்து இல்லை, அதை உறுதியாகச் சொல்வேன். முதலில் இருமல் சத்தம் கேட்டது. மாடியில் இருமினால் கீழே கூடத்தில் தெளிவாகக் கேட்கும். கடையிலிருந்து மாத்திரை வாங்கிப் படிக்கட்டில் வைத்தேன், சுடுதண்ணீர் குடிக்கச் சொன்னேன். செய்ய வேண்டியதை எல்லாம் செய்தேன். அக்காவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் ஓடியிருப்பாள்.

அன்று எனக்கு விடுமுறை. மதியச் சாப்பாடு முடிந்து அக்கா பின்னறையில் தைத்துக்கொண்டிருந்தாள். படிக்கட்டில் யாரோ உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வருகிற சத்தம். மணியை அழுத்தினார். பிறகு கதவைத் தட்டினார். “தங்கச்சி” என்றார். நான் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். திறக்கவில்லை. நோய் கண்டவர் வந்தால் கதவைத் திறக்கக் கூடாது என்பது விதி, அதை நான்தான் தெரு முழுக்கச் சொல்லியிருந்தேன்.

“மூச்சு விட முடியலை. ஆம்புலன்ஸ் லைன் கிடைக்க மாட்டேங்குது. நீங்க ஒரு போன் போடுங்க, மருந்துக்கடைன்னு சொன்னா வருவாங்க” என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நின்று நின்று பேசினார். பல வருடம் கேட்ட குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவர் சொன்னது சரிதான். பொதுவான எண் கிடைக்காத நேரத்திலும் மருந்துக்கடைகளுக்கென்று ஆஸ்பத்திரியில் தனி எண் ஒன்று இருந்தது. நான் கூப்பிட்டால் எடுப்பார்கள். அதற்கு முந்தின வாரம்கூட முகம் தெரியாத ஒருவருக்காகக் கூப்பிட்டிருந்தேன், வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள், அவர் பிழைத்தும்விட்டார்.

மறுபடி தட்டினார். கொஞ்சம் பலமாக. பின்னறையில் மிஷின் நின்றது.

திரும்பிப் பார்த்தேன். அக்கா மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. உள்ளங்கையைச் சுவரில் வைத்திருந்தாள். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் படிக்கட்டு. “கதவை யாராவது தட்டறாங்களா?” என்று கேட்டாள்.

அவர் அப்போது தட்டிக்கொண்டுதான் இருந்தார். அக்கா சாதாரணமாகப் பேசினாலே கொஞ்சம் சத்தமாகத்தான் வரும், அது அவருக்கும் கேட்டிருக்கும். தட்டுவது நின்றது. “அவங்கதானே? அவங்களைக் கொஞ்சம் கூப்பிடுங்க தங்கச்சி” என்றார்.

நான் அக்காவைப் பார்த்து இல்லை என்று தலையை ஆட்டினேன். பக்கத்து வீட்டுப் பக்கம் கையைக் காட்டி, அங்கே ஏதோ ஆணி அடிக்கிறார்கள் என்று சைகை செய்தேன். அவள் கொஞ்ச நேரம் சுவரிலேயே கையை வைத்திருந்தாள். பிறகு துணியைத் திருப்பிப் போட்டு மிதிக்க ஆரம்பித்தாள்.

ஏன் ஆம்புலன்சைக் கூப்பிடவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கு வருகிறேன். நான் கதவுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, “கூப்பிட்டுட்டேன் சார். வந்துட்டே இருக்காங்க” என்றேன். கடையில் பேசுகிற அதே குரலில்தான் சொன்னேன். “இன்னொரு தடவை லைன் போடாதீங்க, குழப்பமாயிடும். படியிலயே உட்காருங்க. பேசாதீங்க, பேசினா இன்னும் மூச்சு வாங்கும்.”

“சரிம்மா. ரொம்ப நன்றி” என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை, தட்டவும் இல்லை. யாராவது உறுதியாகச் சொன்னால் மனிதர்கள் கேட்டுக்கொள்வார்கள் என்று முன்னாலேயே சொன்னேன். அவர் நல்ல மனிதர், கடைசிவரை சொன்னபடி கேட்டார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தேன். மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. போன் என் மடியில்தான் இருந்தது. கூப்பிட வேண்டாம் என்று நான் நினைக்கவே இல்லை. கூப்பிடலாம், இதோ கூப்பிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் சத்தம் அடங்கின பிறகு அக்காவுக்கு டீ போட எழுந்தேன்.

மாலையில் சுகாதாரத் துறைக்குச் சொன்னேன். விதிப்படி அவர்கள்தான் வந்து எடுக்க வேண்டும். உடம்பு முழுக்க மூடிக்கொண்டு வந்தார்கள், படிக்கட்டுக்கு மருந்து அடித்தார்கள். கதவைத் திறக்காததற்காக அவர்களில் ஒருவர் என்னைப் பாராட்டினார். “எல்லாரும் உங்களை மாதிரி இருந்தா எங்களுக்கு ஏம்மா இந்த வேலை?” என்றார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அன்றிலிருந்து எதற்கும் அவ்வளவாக ஒன்றும் தோன்றுவதில்லை, சாப்பாட்டில் உப்பு குறைந்தாலும் அக்கா சொன்னால்தான் தெரிகிறது.

அக்காவுக்குச் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு அழவில்லை. “கடைசியில யாரையாவது கூப்பிட்டாராமா?” என்று கேட்டாள். “தூக்கத்திலேயே” என்று எழுதினேன். அவள் சிலேட்டை வாங்கி அழித்து, என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். அக்கா இன்னும் என்னோடுதான் இருக்கிறாள். மாடி காலியாகத்தான் கிடக்கிறது. அவள் அங்கே போவதைப் பற்றி அதற்குப் பிறகு பேசியதில்லை.

நோய் போய்விட்டது. ஊரில் எல்லோரும் மாஸ்க்கைக் கழற்றி எறிந்துவிட்டார்கள், கடையில் அது விற்காமல் தூசி படிந்து கிடக்கிறது. நான் மட்டும் இன்னும் கழற்றவில்லை, வீட்டிலும்தான். சுகாதார மந்திரிக்குப் பதவி போகவில்லை என்று தெருவில் சிரிக்கிறார்கள். அக்காதான் அவ்வப்போது, “உன் மூஞ்சியே மறந்துபோச்சு, ஒரு தடவை காட்டேன்” என்பாள். ஜாக்கிரதையாக இருப்பதில் என்ன தவறு? அக்கா உதடு படிப்பதில் கெட்டிக்காரி, நாம் நினைப்பது நம்மையறியாமல் உதட்டில் வந்துவிடக்கூடும்.

ஆனால் அக்காவிடம் நான் எதையாவது மறைத்தேன் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. தினமும் சாயங்காலம் அவள் டீ குடிக்கும்போது எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்கிறேன். பல்பு, போன், சுவரில் அவள் கையை வைத்தபோது அவர் கதவுக்கு அந்தப் பக்கம் அவளைக் கேட்டது, நான் கூப்பிடாத ஆம்புலன்ஸ், ஒரு வார்த்தை விடாமல், மாஸ்க்குக்குள்ளே, தெளிவாக, சத்தமாகவே சொல்கிறேன். அவள் என் கண்ணைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு டீயைக் குடித்து முடிக்கிறாள். காது கேட்காதது அவள் குறை. அதற்கு என்னைக் குற்றம் சொன்னால் எப்படி?